ஓப்பரேஷனுக்கு மறுநாளும் தூக்கக் கலக்கம்: மயக்க வாயு எப்போது வெளியேறும்?

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்
அப்பாவுக்கு 61 வயது, இனிப்பு நீர் உண்டு. நேற்றுக் காலை குடலிறக்க ஓப்பரேஷன், இரண்டு மணி நேரம். செவோஃப்ளூரேன் வாயு கொடுத்தார்களாம். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று மதியமும் கண் சொக்குகிறது. வாயு இன்னும் உடம்பில் இருக்குமா? இளநீர் குடித்தால் சிறுநீரில் போய்விடும் என்கிறார்கள் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்). அப்பாவோ நாளை விடியற்காலை மோட்டாரில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறேன் என்று நிற்கிறார்.

மயக்கவியல் டாக்டர்
நுரையீரல் வழியே உள்ளே போன வாயு பெரும்பாலும் அதே வழியில்தான் வெளியே வரும். செவோஃப்ளூரேனில் 2 முதல் 5% மட்டுமே ஈரலில் சிதையும். இளநீர் தாராளமாகக் குடிக்கட்டும், ஆனால் வாயுவை அது விரட்டாது.

வெளியேறும் வேகத்தை முடிவு செய்வது ஒவ்வொரு மயக்க வாயுவும் இரத்தத்தில் கரையும் அளவு: டெஸ்ஃப்ளூரேன் 0.42, செவோ (செவோஃப்ளூரேன்) 0.65, ஐசோஃப்ளூரேன் 1.4, பழைய ஹாலோதேன் 2.4. எண் சிறுத்தால் இரத்தம் பிடித்து வைக்காது, மூச்சோடு விட்டுவிடும். தையல் முடியும்போது வேப்பரைசரை (மயக்க மருந்தை வாயுவாக்கும் கருவியை) மூடி, ஆக்சிஜனை நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் வரை ஏற்றுவோம். 1 லிட்டரிலேயே விட்டால் அவர் வெளிவிட்ட வாயுவே வட்டமடித்துத் திரும்ப உள்ளே போகும். மானிட்டரில் வெளிமூச்சுச் செவோ 2%-லிருந்து இறங்கி 0.6 பக்கம் வரும்போது கூப்பிட்டால் கண் திறப்பார்கள்; வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். இரண்டு மணி நேர ஓப்பரேஷனுக்குப் பிறகு இதெல்லாம் சில நிமிட வேலை. கொழுப்பில் தங்கியது அப்புறமும் மெல்லக் கசியும், ஆனால் அவ்வளவு சிறிய அளவு தூக்கத்தை வரவழைக்காது. இன்றைய சொக்கலுக்கு வேறு காரணம் தேடுங்கள்.

ரெக்கவரி மிஸ்ஸி (மயக்கம் தெளியும் அறைத் தாதி)
தம்பி, முதலில் விரலில் குத்தி சர்க்கரை பாருங்கள். சரியாகச் சாப்பிடாமல் கிளிக்கிளசைட் (சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை) போட்டிருந்தால் இறங்கியிருக்கலாம். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், நன்றாக விழித்திருக்கும்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். அடுத்து வலி மாத்திரைப் பொட்டலத்தில் என்ன பெயர்?

தோட்டத்துப் பிள்ளை
சர்க்கரை 6.8, மிஸ்ஸி. பொட்டலத்தில் டிரமடால் 50 மில்லிகிராம், மூன்று வேளை.

ரெக்கவரி மிஸ்ஸி
அதுதான் முதல் சந்தேகம், டிரமடால் தூக்கம் வரவழைக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் உள்ள எண்ணுக்கு இன்றே போன் போட்டு, டிரமடாலைக் குறைத்து பாராசிட்டமோலோடு சமாளிக்கலாமா என்று கேளுங்கள். தூங்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 10-க்குக் குறைந்தாலோ, உலுக்கியும் எழாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 999.

மயக்கவியல் டாக்டர்
மோட்டார் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள். மயக்கம் கொடுத்த பின் 24 மணி நேரம் ஓட்டவே கூடாது; டிரமடாலில் கண் சொக்கும்வரை அதற்குப் பிறகும் கூடாது. செம்பனைக் குலை வெட்டுவதும் தூக்குவதும் தையலுக்கு ஆகாது. எம்சியை (மருத்துவ விடுப்புச் சீட்டை) கிராணியிடம் (தோட்டக் கணக்கரிடம்) நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று சர்ஜனிடம் எழுதி வாங்கினால் அப்பாவும் பேச மாட்டார்.