ஏ.சி.எல். அறுந்த கபடி வீரருக்கு அறுவைச் சிகிச்சையை எப்போது செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 21 வயது. மூன்று வாரங்களுக்கு முன், பாடிச் சென்று கோட்டை நோக்கித் திரும்புகையில், எவரும் பிடிக்காமலே ஊன்றிய கால் திருகிக்கொண்டு ‘டப்’பென்று சத்தம் கேட்டதாம், மாலைக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு முழுவதும் அறுந்திருப்பதாகவும் உட்புற மெனிஸ்கஸிலும் (எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு) கிழிசல் இருப்பதாகவும் எம்.ஆர்.ஐ. அறிக்கை கூறுகிறது. இப்போது ஊன்றி நடக்கிறான். ஆனால் பாயில் படுத்துக் காலை நீட்டினால் முழங்காலுக்கு அடியில் கை நுழைகிறது. நடக்க முடிகிறபோது ஆபரேஷன் எதற்கு என்கிறார்கள் வீட்டில். அவனோ அடுத்த வாரமே செய்துகொண்டு ஆறு மாதத்தில் ஆட வேண்டும் என்கிறான். யார் சொல்வது சரி?

பதில் (எலும்பு மூட்டு மருத்துவர்)

நேராக நடப்பதற்கு ஏ.சி.எல். பெரிதாகத் தேவைப்படாது, ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போது கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் சுழலாமலும் பிடித்து நிறுத்துவதே அதன் வேலை. அறுவைச் சிகிச்சை எல்லோருக்கும் கட்டாயம் என்பதும் இல்லை. 2010இல் வெளியான சுவீடன் ஆய்வில், முதலில் பயிற்சி மட்டும் பெற்ற 59 பேரில் 36 பேருக்கு இரண்டு ஆண்டுகள் வரை ஜவ்வுச் சீரமைப்பு தேவைப்படவில்லை. ஆயினும் கபடியை விட மனமில்லாத, மெனிஸ்கஸும் கிழிந்த இளைஞருக்கு நான் அறுவைச் சிகிச்சையையே பரிந்துரைப்பேன்; கால் நழுவும் ஒவ்வொரு முறையும் அந்தக் கிழிசல் பெரிதாகக்கூடும்.

ஆனால் கால் ஏன் நீளவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். மெனிஸ்கஸ் துண்டு மூட்டுக்குள் சிக்கியிருந்தால் தாமதிக்கக் கூடாது. வீக்கமும் தசைத் தளர்ச்சியுமே காரணமென்றால், கால் முழுமையாக நீண்ட பிறகே செய்வது நல்லது. விறைத்த முழங்காலில் அவசரப்பட்டுச் செய்தால் அந்த விறைப்பு நிலைத்துவிடும் அபாயம் உண்டு.

அறுந்ததைத் தைப்பதைவிட, அவருடைய காலிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து, ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் முறை) மூலம் எலும்புகளில் துளையிட்டுப் பொருத்துவதே வழக்கம். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணை எடுத்தால் அதன் இரு முனைகளிலும் எலும்புத் துண்டு இருப்பதால் விரைவில் ஒட்டும்; ஆனால் மண்டியிடும்போது வலி நீடிக்கலாம். களத்தில் அடிக்கடி மண்டியில் விழுபவர் என்பதால் இதை உங்கள் மருத்துவரிடம் அவசியம் பேசுங்கள்.

பதில் (பிசியோதெரபிஸ்ட்)

ஆறு மாதக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். பொருத்திய நாண் முதலில் உயிரற்ற இழையாகி, பின்னரே இரத்த ஓட்டம் பெற்று ஜவ்வாக மாறுகிறது. வலி அடங்கித் தம்பிக்குத் தெம்பு வரும் இரண்டு, மூன்றாம் மாதங்களில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை களம் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் கடந்தாலும், தொடைத் தசை வலிமையிலும் ஒற்றைக்கால் தாவலிலும் மறுகாலின் 90 விழுக்காட்டையாவது எட்டிய பிறகே விளையாட அனுமதிப்பேன்.

மருத்துவர் பார்த்துச் சிக்கல் இல்லை என்றால், குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்தும் பயிற்சியை உடனே தொடங்கலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்று மருத்துவர் பரிசோதித்தார். எதுவும் சிக்கவில்லை, கால் நீண்ட பிறகு தேதி குறிக்கலாம் என்றார். மெனிஸ்கஸைத் தைத்தால் ஓய்வு கூடுமா?

பதில் (பிசியோதெரபிஸ்ட்)

பெரும்பாலும் கூடும். சில வாரங்கள் ஊன்றுகோலும், சில மாதங்கள் ஆழமாகக் குந்தக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கலாம். அதனால் வீட்டில் மேற்கத்திய கழிப்பறை வசதியை முன்பே செய்துவையுங்கள்.