மாசேர்: சம்பளத்தில் பத்தில் ஒன்றை எப்படிக் கணக்கிடுவது?

ஏடுபுரட்டி: யூத நெறியில் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு ஏழைகளுக்கு; இதுவே மாசேர். மாதச் சம்பளக்காரர் வரிக்கு முன் கணக்கிடுவதா, வரி போகவா? பள்ளிக் கட்டணத்தை இதில் சேர்க்கலாமா? கடனாகக் கொடுத்தால் கணக்கில் வருமா?

பேரேடு: வரி போகத்தான். வருமான வரி கைக்கே வராத பணம் என்பது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க ரபி (யூத மத அறிஞர்) மோஷே ஃபைன்ஸ்டைனின் தீர்ப்பு. கடையில் கட்டும் விற்பனை வரி அப்படியல்ல, அது வீட்டுச் செலவு. சம்பாதிக்க ஆகும் செலவைக் கழிக்கலாம். வாடகை, மளிகையைக் கழிக்க முடியாது. பள்ளிக் கட்டணத்தில் ரபிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிள்ளைக்குக் கற்பிப்பது தகப்பனின் கடமை, கடமையை மாசேரில் தீர்க்கக் கூடாது என்பதே வலுவான தரப்பு.

சம்பளம் ஏறிய அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. மேல்வரம்பு ஐந்தில் ஒன்று: கொடுத்தவரே கையேந்தும் நிலை வரக்கூடாதென்று பண்டைய கலிலேயாவின் உஷா ஊரில் கூடிய ரபிகள் விதித்தது.

கைமாற்று: கடன் கணக்கில் வருவது மட்டுமல்ல, இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த ஈகையின் எட்டுப் படிகளில் உச்சியில் இருப்பதே அதுதான்: ஒருவர் விழுமுன் கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ கொடுத்துத் தாங்குவது. இன்று இதைச் செய்பவை 'கெமாக்' எனும் வட்டியில்லாக் கடன் நிதிகள். நியூயார்க்கில் 1892 முதல் அப்படி ஒரு சங்கம் இயங்குகிறது.

கெமாக் நடத்துவதில் இடறுவது ஜாமீனில்தான். கணவர் வாங்கும் கடனுக்கு மனைவி ஜாமீன் என்றால் இருவருக்கும் ஒரே வருமானம். அது நின்றால் ஜாமீனும் போச்சு. வேறு வீட்டு ஆட்கள் இருவரைக் கேளுங்கள். பத்திரமோ சாட்சியோ இல்லாமல் கற்றறிந்த ரபிக்கும் கொடுக்கக் கூடாது என்கிறது யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத். அதே சமயம், திருப்ப வழியில்லை என்று தெரிந்தும் நெருக்குவது விவிலியத்தின் யாத்திராகமம் 22 தடுக்கும் செயல்.

ஏடுபுரட்டி: அலுவலகச் செலவுக்குக் கடன் தொகையில் 2% வாங்கலாமா?

கைமாற்று: தொகைக்கேற்ப ஏறினால் அது வட்டியின் சாயல், வேண்டாம். விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று உண்மையான செலவை மட்டும் வாங்கலாம். அதையும் ரபியிடம் காட்டிவிட்டு.

பேரேடு: யாருக்கு முதலில் என்ற கேள்வியும் வரும். உறவினர், சொந்த ஊர், பிறகு வெளியூர். பசி என்று வந்தவரை மட்டும் விசாரிக்காமல் உடனே கொடுக்க வேண்டும். துணி கேட்டால் விசாரிக்கலாம்.