17,71,561 என்ற எண்ணும் அதன் சிரிப்பும்: ட்ரிபிள் எபிசோடு பற்றி ஓர் ஐயம்

முற்றத்துத் திரை (காரைக்குடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் எங்கள் வளவைச் சேர்ந்த பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் மாலை வேளைகளில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் கூடுவது வழக்கம். இந்த ஆண்டு அவர்களுக்கு அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றைக் காட்டலாம் என்று எண்ணி, 1960களில் வெளிவந்த முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை நானும் என் பெரியப்பாவும் முன்கூட்டியே வரிசையாகப் பார்த்து வருகிறோம். 1967 டிசம்பர் 29 அன்று முதன்முதலாக ஒளிபரப்பான ‘தி ட்ரபுள் வித் ட்ரிபிள்ஸ்’ எபிசோடுக்கு வந்தபோது எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்துவிட்டது.

கதையைப் பலரும் அறிந்திருப்பீர்கள். கே-7 என்ற விண்வெளி நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கும் தானியத்தைக் காக்க என்டர்பிரைஸ் கப்பல் அழைக்கப்படுகிறது. அங்கே சிரானோ ஜோன்ஸ் என்ற வியாபாரியிடமிருந்து ட்ரிபிள் எனப்படும் ஒரு சிறிய மென்மயிர்ப் பிராணி, கப்பலின் தொடர்பு அதிகாரியான உஹுராவுக்குக் கிடைக்கிறது. அது குட்டி போட்டுப் பெருகிக் கப்பலையே நிறைத்துவிடுகிறது. தானியக் கிடங்கின் கதவைத் திறக்கும் கேப்டன் கிர்க், சரிந்து விழும் ட்ரிபிள்களுக்குள் மார்பளவு புதைந்து நிற்கும் காட்சியில் நான் கண்ணீர் வரச் சிரித்தேன். பெரியப்பாவோ, சிரிக்க வைப்பதே நோக்கமாகிவிட்டால் அதில் அறிவியலுக்கு இடம் ஏது, பிள்ளைகளுக்கு இதை முதலில் காட்டினால் தொடரையே விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்கிறார்.

இன்னோர் ஐயமும் உண்டு. ஒரு ட்ரிபிள், ஈற்றுக்குப் பத்துக் குட்டிகள், 12 மணி நேரத்துக்கு ஒரு தலைமுறை, மூன்று நாள்கள் என்று கணக்கிட்டு 17,71,561 என்கிறார் கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகன், பத்தை ஆறு முறை பெருக்கினால் சரியாகப் பத்து லட்சம்தானே வரும் என்று கேட்கிறான். ஸ்பாக் சொன்ன எண் வெறுமனே வேடிக்கைக்காக வைத்ததா?

சிட்டைக் கணக்கு (தேவகோட்டை) எழுதியது:

தம்பி, உங்கள் அக்காள் மகன் நல்ல கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். ஆனால் ஸ்பாக்கின் எண்ணில் ஒன்றுகூடப் பிசகவில்லை. பத்துக் குட்டிகள் பிறந்த பின்னும் தாய் உயிரோடு இருக்கிறது என்பதை அவன் விட்டுவிட்டான். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் எண்ணிக்கை பத்து மடங்காகாமல் பதினொரு மடங்காகிறது. மூன்று நாள்களில் 12 மணி நேரத் தவணைகள் ஆறு. 1, 11, 121, 1,331, 14,641, 1,61,051, 17,71,561 என்று தாளில் எழுதிக் காட்டுங்கள்.

எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடை ஒன்றுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடிப் பையனாகப் போய், கடை முதலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தவர். நான் சிறுவனாக இருந்தபோது, வட்டிக்கும் வட்டிக்கு வட்டிக்கும் உள்ள வேறுபாட்டைத் திண்ணையில் உட்கார வைத்து மனக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார். அந்த வழியில் பார்த்தால் இந்தக் கதை எளிதில் விளங்கும். ஒரு ரூபாய் முதலுக்குத் தவணைக்குப் பத்து ரூபாய் தனி வட்டி என்றால், ஆறு தவணை கழிந்ததும் முதலும் வட்டியும் சேர்ந்து 61 ரூபாய்தான் வரும். அதே வட்டியை ஒவ்வொரு தவணையிலும் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் 17,71,561 ரூபாய் ஆகிவிடும். முதல் அழியாமல் இருப்பதும் வட்டி தானே முதலாவதும்தான் கூட்டு வட்டி. பிறக்கும்போதே கருவுற்றுப் பிறப்பவை என்று டாக்டர் மெக்காய் ட்ரிபிள்களைப் பற்றிச் சொல்வது இதைத்தான்.

உங்கள் பெரியப்பாவின் ஐயத்துக்கும் இந்தக் கணக்கிலேயே விடை இருப்பதாக நான் நினைக்கிறேன். ஸ்பாக்கின் கணக்குப்படி இரண்டரை நாள் முடிந்தபோது 1,61,051 ட்ரிபிள்கள்தான் இருந்தன. எஞ்சிய 16,10,510 கடைசி 12 மணி நேரத்தில் பிறந்தவை. எபிசோடின் நடையும் அப்படியே அமைந்திருக்கிறது. முதலில் உஹுராவின் கையில் ஒன்று இருக்கிறது, பிறகு மேசைமேல் சில, அதன் பின் கிர்க்கின் உணவுத் தட்டு முழுவதும். அதுவரை யாரும் பதறவில்லை. கிடங்குக் கதவு திறக்கும்போதுதான் எல்லாம் ஒரேயடியாகச் சரிகிறது. அடுக்குப் பெருக்கம் கண்ணுக்குப் புலப்படாமல் வளர்ந்து கடைசியில் திடீரென்று தெரியவரும் இயல்பைக் கரும்பலகையில் விளக்க நான் முப்பது ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறேன். இந்த எபிசோடு அதை ஒரு கதவைத் திறந்து காட்டிவிடுகிறது. இங்கே சிரிப்பே அந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

பழைய ஒளிநாடா (கானாடுகாத்தான்) எழுதியது:

தேவகோட்டை ஐயா சொன்னதை முழுவதுமாக ஏற்றுக்கொண்டு, நடிப்பைப் பற்றிச் சிறிது சேர்க்க விரும்புகிறேன். தாம் ஒரு நகைச்சுவைக் கதைக்குள் இருப்பதை இந்த எபிசோடின் பாத்திரங்களில் எவரும் அறிந்ததாகவே தெரியாது. சுற்றியிருப்பவர்கள் ஆயிரம், லட்சம் என்று மலைத்து நிற்கும்போது ஸ்பாக் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் துல்லியமான எண்ணைச் சொல்கிறார். தின்ற தானியத்தின் அளவையும் கிடங்கின் கொள்ளளவையும்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரிவிக்கிறார். மதுக்கூடச் சண்டையையும் பாருங்கள். பகை இனத்தவரான கிளிங்கன்கள் கேப்டனை இழிவாகப் பேசியபோது இளம் அதிகாரி செக்கோவை அடக்கி வைத்த கப்பலின் பொறியாளர் ஸ்காட்டி, கப்பலைப் பழித்ததும் முதல் அடியைத் தானே கொடுத்துவிடுகிறார். அதற்குத் தண்டனையாக அறைக்குள் அடைபடும்போது, தொழில்நுட்ப இதழ்களைப் படிக்க நேரம் கிடைக்கிறதே என்று மகிழ்கிறார். ஒரு பொறியாளருடைய மனத்தை இதைவிட உண்மையாக எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதிய டேவிட் ஜெரால்டுக்கு ஒளிபரப்பின்போது வயது 23தான்.

கிர்க் புதைந்து நின்ற பின்னும் ஒவ்வொன்றாக ட்ரிபிள்கள் அவர் தலையில் விழுந்துகொண்டே இருக்கும் அல்லவா? 1996இல் தொடரின் முப்பதாம் ஆண்டை ஒட்டி, பிற்கால ஸ்டார் ட்ரெக் தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வந்த எபிசோடு, அதற்கும் ஒரு காரணம் கற்பித்தது. காலத்தில் பின்னோக்கி வந்த அத்தொடரின் பாத்திரங்களான சிஸ்கோவும் டாக்ஸும் கிடங்குக்குள் அமர்ந்து, ட்ரிபிள் ஒன்றில் ஒளித்து வைக்கப்பட்ட வெடிகுண்டைத் தேடி, சோதித்த ட்ரிபிள்களை வெளியே எறிந்துகொண்டிருந்தார்களாம். பிள்ளைகளுக்கு இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள்.

நெல்லும் சொல்லும் (பள்ளத்தூர்) எழுதியது:

நான் ஆசிரியை என்பதால் ஒரு மறுப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிடங்கில் சரிந்து விழும் ட்ரிபிள்களில் மிகப் பல இறந்தவை. தானியத்தில் கலக்கப்பட்டிருந்த நச்சு, உண்ட உணவு உடலில் சேராதபடி தடுத்துவிடுகிறது. வயிறு நிறையத் தின்றும் அவை பட்டினியால் மடிகின்றன. நெல்லைக் குதிரில் கொட்டி, வேப்பிலை போட்டு, அந்து அண்டாமல் காத்த வீடுகளின் பிள்ளைகளுக்கு, நிறைந்த கிடங்கில் நேரும் பட்டினி என்பது எவ்வளவு கொடியது என்று சொல்லாமலே புரியும். அந்தச் சாவுகளே குற்றத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. கிளிங்கன்களைக் கண்டால் கூச்சலிடும் ட்ரிபிள்கள், அதிகாரியின் உதவியாளராக நடித்த ஆர்னே டார்வினைக் கண்டும் கூச்சலிட, அவன் கிளிங்கன் ஒற்றன் என்பது வெளிப்படுகிறது. கதைப் பின்னலில் எனக்குக் குறையே இல்லை.

கடைசியில் எஞ்சிய ட்ரிபிள்களை எல்லாம் கிளிங்கன் கப்பலின் இயந்திர அறைக்கு ஸ்காட்டி அனுப்பிவிட்டதாகச் சொல்லும்போது எல்லாரும் சிரிப்பதுதான் என்னை உறுத்துகிறது. தம்மைக் கண்டாலே வெறுப்பவர்களிடம் அந்த உயிர்களை ஒப்படைத்தது சரியா? கானாடுகாத்தான் நண்பர் குறிப்பிட்ட 1996ஆம் ஆண்டு எபிசோடில், ட்ரிபிள்களைக் கிளிங்கன்கள் வேட்டையாடி ஒழித்ததை, கிளிங்கன் இனத்தவரான வோர்ஃப் என்ற பாத்திரம் விவரிக்கிறார். அந்தச் சிரிப்பை உறுத்தலாக உணர்ந்தவர்கள் படைப்பாளிகளுக்குள்ளும் இருந்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியை மறைக்காமல் கேளுங்கள்.

முற்றத்துத் திரை (காரைக்குடி) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பள்ளத்தூர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு முடிவுக் காட்சியை மறுபடியும் பார்த்தேன். முதல்முறை சிரித்த இடத்தில் இம்முறை சிரிக்க முடியவில்லை. ஆனால் கிடங்குக் காட்சியில் முன்பைவிட அதிகமாகச் சிரித்தேன். பெரியப்பாவிடம் 61க்கும் 17,71,561க்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னதும், தாளை வாங்கித் தாமே ஆறு வரி பெருக்கிப் பார்த்தார். ஐந்தாம் வரியில் சிறிது நேரம் நின்றுவிட்டு, பிள்ளைகளுக்கு முதலில் இதையே காட்டலாம், ஆனால் கதவு திறப்பதற்கு முன் படத்தை நிறுத்திவிட்டு அவர்களையே கணக்குப் போட்டு எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும் என்றார். வரும் சனிக்கிழமை மாலை அப்படியே செய்யவிருக்கிறோம்.

சிட்டைக் கணக்கு (தேவகோட்டை) எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, தம்பி. இன்னொரு கணக்கையும் அவர்களுக்குக் கொடுங்கள். நிலையத்தில் உள்ள ட்ரிபிள்கள் அனைத்தையும் சிரானோ ஜோன்ஸ் ஒருவரே அகற்ற 17.9 ஆண்டுகள் ஆகும் என்றும் ஸ்பாக் கணக்கிட்டுச் சொல்கிறார். இடையில் ஒரு குட்டிகூடப் பிறக்காது என்று வைத்துக்கொண்டு, 17,71,561ஐ அத்தனை ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் அவர் நாளொன்றுக்கு எத்தனை பொறுக்க வேண்டும் என்று கேளுங்கள். 271 என்று விடை வந்தால் வகுத்தது சரி.