மாய அணியா, பெருக்கணியா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கல்லடியிலிருந்து, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர (A/L) மாணவர்களுக்கு ராடார் பற்றி ஒரு சின்னக் கையேடு எழுதுகிறேன். வெள்ளி காலை அச்சகத்தில் கொடுக்கவேண்டும். ஒரு சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன்.

விஷயம் இதுதான். அலை அனுப்பும் அன்டனா 3, பட்டுத் திரும்பும் அலையை வாங்கும் அன்டனா 4. அனுப்புபவை மூன்றும் முறை வைத்து ஒவ்வொன்றாக அனுப்பும். அதனால் வந்த அலை யாருடையது என்று பிரித்துக்கொள்ளலாம். ஆக 3 × 4 = 12 சோடி. ஒவ்வொரு சோடியும், அந்த இரண்டின் இடங்களையும் கூட்டினால் வரும் புள்ளியில் ஒரு அன்டனா நின்றால் என்ன அளவு தருமோ அதைத்தான் தருகிறது. வாங்குபவற்றை அரை அலைநீள இடைவெளியிலும், அனுப்புபவற்றை அதன் நான்கு மடங்கிலும் வைத்தால் 12 புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் வரிசையாக நிற்கும். 77 கிகாஹேர்ட்சில் அலைநீளம் 3.9 மில்லிமீற்றர். வரிசை முழுவதும் இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

பலனைப் பாருங்கள். வெறும் 4 அன்டனா என்றால், 30 மீற்றர் தொலைவில் சுமார் 15 மீற்றருக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர் ஒருவராகத்தான் தெரிவார்கள். 12 ஆனால் அது 5 மீற்றராகச் சுருங்கும். அன்டனாவோ கையில் 7 தான்.

ஆங்கிலத்தில் virtual array என்னும் அந்தப் பன்னிரண்டின் வரிசைக்குத் தமிழில் பெயர் வேண்டும். நான் 'மாய அணி' என்று எழுதியிருக்கிறேன். ஒளியியலில் 'மாய விம்பம்' படித்த பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை.

காரைதீவிலிருந்து

டீச்சர், மாயம் என்றால் ஏமாற்று. அளவு உண்மையாக இருக்கும்போது அதற்கு மாயம் என்று பெயர் வைப்பது பிழை. அதோடு சொல்லும் வடசொல். 'மெய்நிகர் அணி' என்று வையுங்கள். மெய் என்பது உடம்பு, உண்மை, புள்ளி பெற்ற எழுத்து. நிகர் என்பது ஒப்பு. உடம்பு அங்கே இல்லை, உண்மை அங்கே உண்டு. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் வருமா? 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். இதில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து

சேர், மாயம் வடசொல் என்று அவ்வளவு சுருக்காக முடித்துவிடாதீர்கள். தொல்காப்பியத்தில் மாயோன் உண்டு. மா என்றால் கருமை. மாய்தல் என்றால் மறைதல். கண்ணுக்கு மறைந்து நிற்பது மாயம். நம்முடைய கடற்கரையில் கரைவலையை மாயாவலை என்றுதான் சொல்கிறோம். அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? விடியற்காலையில் இரண்டு பக்கமும் ஆள் நின்று கயிறு இழுக்கும்போது நடுவில் வலையே தெரியாது. மடி கரைக்கு வந்த பிறகுதான் மீன் துள்ளும். எனக்குப் பிரச்சினை மாயத்தில் இல்லை, 'அணி'யில். நகை, கிரிக்கெட், உவமை எல்லாம் அணிதான்.

செங்கலடியிலிருந்து

அணி வேண்டாமென்றால் 'நிரை' நல்ல சொல். வெட்சித் திணையில் கவர்ந்து போகும் மாட்டுக் கூட்டமும் நிரைதான். ஒழுங்காக நிற்கும் கூட்டம் என்ற பொருள் அப்போதே இருந்திருக்கிறது.

கல்லடியிலிருந்து, செவ்வாய்

கணிதத்தில் தாயம் (matrix) படிக்கும் பிள்ளைக்கு நிரை, நிரல் இரண்டும் ஏற்கெனவே வேறு பொருளில் மனதில் பதிந்துவிட்டது. அங்கே குழப்பம் செய்ய மாட்டேன். மாயோனை இத்தோடு விட்டுவிடுவோம், தயவுசெய்து.

ஒலுவிலிலிருந்து, செவ்வாய் இரவு

நான் பொறியியல் மாணவன். 'பெருக்கணி' என்றால் என்ன? பெருக்கிய அணி, பெருக்குகின்ற அணி, பெருக்கும் அணி, சுத்தமான வினைத்தொகை. மூன்றை நான்கால் பெருக்கும் வேலை பெயரிலேயே தெரிகிறது. இன்னொன்றும் கையேட்டில் போடுங்கள், டீச்சர்: முறை வைத்து அனுப்பும் இடைவெளியில் எதிரில் இருப்பது நகர்ந்துவிட்டால் அலையின் கட்டம் (phase) மாறிவிடும். அதைத் திருத்தாமல் 12ஐயும் சேர்த்தால் ஆள் நிற்கும் திசையே பிழைத்துவிடும்.

காரைதீவிலிருந்து

தம்பியின் இலக்கணம் சரி. ஆனாலும் வேறு நுட்பங்களும் பெருக்கும். மெய்நிகரைத்தான் சொல்வேன்.

கல்லடியிலிருந்து, புதன்

தம்பி சொன்ன திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன். மிக்க நன்றி.

இன்று வகுப்பில் மூன்று சொல்லையும் பலகையில் எழுதிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றேன். 'மெய்நிகர்' என்றதும் கண்ணில் மாட்டும் கண்ணாடி, விளையாட்டு என்றார்கள். 'பெருக்கணி'யை முன்வரிசைப் பிள்ளை 'பெருக், கணி' என்று பிரித்து வாசித்துவிட்டு, "கணிக்கிற மெசினா டீச்சர்?" என்று கேட்டாள். 'மாய அணி'க்குக் கடைசி வாங்கிலிருந்து ஒருவன், "கண்ணாடிக்குப் பின்னால தெரியிற விம்பம் மாதிரி, அங்க அன்டனா இல்ல, ஆனா அங்க இருந்த மாதிரி கணக்கு வரும்" என்றான். நான் அரைப் பக்கத்தில் எழுதியதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். எனக்கு அதுக்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

செங்கலடியிலிருந்து

அப்படியென்றால் மாய அணியே இருக்கட்டும். எனக்கும் களைத்துவிட்டது.

அக்கரைப்பற்றிலிருந்து

சரி. அணியை இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்கிறேன்.

ஒலுவிலிலிருந்து

மாய அணிக்கே என் சம்மதமும். அடைப்புக்குள் 'பெருக்கணி' என்று ஒரு இடத்திலாவது போடுவீர்களா?

காரைதீவிலிருந்து, வியாழன் இரவு

பெரும்பான்மை முடிவு செய்துவிட்டது. அச்சுக்குப் போகட்டும், நான் மறிக்கவில்லை. ஆனால் என் மறுப்பு மறுப்புத்தான். மேடையில் பேசினாலும் மெய்நிகர் அணி என்றுதான் பேசுவேன்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய படியில் 7ஆம் பக்கத்தில் 'அலைவாங்கி அலையை அனுப்பும்' என்று இருக்கிறது. வாங்கி எப்படி அனுப்பும், டீச்சர்? அந்த இடத்தில் அன்டனா என்றே விட்டுவிடுங்கள், அல்லது 'அலைக்கொம்பு' என்று போடுங்கள். பூச்சிக்கு உணர்கொம்பு இருப்பதுபோல ராடாருக்கு அலைக்கொம்பு. விடிவதற்குள் திருத்திவிடலாம்.