காட்பாடி வீடு குழு: கொலு ரயிலுக்கு வெளிச்சம் போதவில்லை

கார்த்தி: சித்தப்பா, அமெரிக்கா மாமா கொடுத்த என்ஜின் ஓடுகிறது. ஆனால் ஹெட்லைட் எண்ணெய் தீர்ந்த அகல் மாதிரி இருக்கிறது. கீழே இரு ஓரமும் இருக்கும் துணை விளக்கு, அந்த டிட்ச் லைட் இரண்டில் இடது பக்கம் இன்னும் மோசம். நாளைக்கு எல்லோரும் கொலு பார்க்க வருகிறார்கள்.

அம்மா: நாளைக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். யார் எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?

சித்தப்பா: பெரிய பல்பு போடாதே கார்த்தி, சூட்டில் மூடி இளகிவிடும். பல்பு உள்ளே இருக்கிறது, வெளிச்சம் பிளாஸ்டிக் குச்சி வழியாகத்தான் முகப்புக்கு வருகிறது. போன வருஷம் சூப்பர் க்ளூ வைத்தோமே, அந்த ஆவி பட்டு முனை வெளுத்திருக்கும். நைஸ் உப்புத்தாளில் தேய்த்து, துணியில் பற்பசை தொட்டு மெருகு ஏற்று.

பெரியப்பா: நாங்கள் ஓட்டும் நிஜ என்ஜினில் டிட்ச் லைட் கிடையாது. மஞ்சள் ஃபிளாஷர் உண்டு. ஆபத்து என்றால் அதைப் போட்டு எதிரே வரும் வண்டியை எச்சரிப்போம்.

மாலதி அத்தை: அண்ணா ஆரம்பித்துவிட்டார் 😄

கார்த்தி: ஆமாம், முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. டிரைவர் ஜன்னல் வழியாகவும் வெளிச்சம் கசிகிறது.

சித்தப்பா: அங்கேதான் பாதி வெளிச்சம் போகிறது. மூடியின் உள்பக்கம் கறுப்பு பெயிண்ட் அடி. அப்புறம் பல்பை எடுத்துவிட்டு வார்ம் ஒயிட் எல்இடி போடு. இது டிசிசி, அதாவது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை போகும் வகை, விளக்குக்கு 12 வோல்ட் வாக்கில் வரும். எல்இடி 3 வோல்ட் எடுக்கும். மீதி 9 வோல்ட்டுக்கு 1000 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 9 மில்லி ஆம்பியர். போதாவிட்டால் 470 ஓம், அது 19. 20-ஐத் தாண்டாதே. டிட்ச் லைட் இரண்டுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வேண்டும், ஒன்றையே வைத்தால் ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கலாகவும் எரியும். நீல ஒயர் பிளஸ், எல்இடியின் நீளக் கால் அதில்தான்.

அம்மா: மணி?

பெரியப்பா: அமெரிக்காவில் 1997 கடைசிக்குள் முன்னால் துணை விளக்கு கட்டாயம் என்று சட்டம். மூன்று விளக்கும் முக்கோணமாகத் தெரிந்தால் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று ரயில்வே கேட்டில் நிற்பவனுக்குப் புரியும். நல்ல ஏற்பாடு.

கார்த்தி: சால்டரிங் அயர்ன் யாரிடம் இருக்கிறது?

பெரியப்பா: என்னுடையது ராணிப்பேட்டையில். மாப்பிள்ளை புதுமனை புகுவிழாவுக்கு வாங்கிப் போனார்.

மாலதி அத்தை: நான்கு வருஷம் ஆகிறது அண்ணா, இன்னும் ஞாபகமா?

அம்மா: ஞாபகம் என்றால், என் மாமியாரின் மரப்பாச்சி ஜோடியும் அங்கேதான் இருக்கிறது மாலதி.

மாலதி அத்தை: அண்ணி, அம்மா அதை என் கையில்தான் கொடுத்தார்கள்.

கார்த்தி: [படம்] இடது பக்கம் தேய்த்துவிட்டேன். பாருங்கள்.

பெரியப்பா: அடேயப்பா. தண்டவாளத்தில் விழுகிறதே வெளிச்சம்!

சித்தப்பா: பெயிண்ட் மட்டும் இன்றைக்கே அடித்துவிடு. எல்இடியைக் காலையில் வேலூர் சாரதி மாளிகைக் கடைகள் பக்கம் தேடிப் பார்க்கிறேன்.

அம்மா: ஆறரையா, ஏழா?

மாலதி அத்தை: அயர்ன் வருகிறது. மரப்பாச்சியும் வருகிறது. ஆனால் தசமி முடிந்ததும் ஜோடியை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன்.