பெர்கனுக்குப் போகிறோம்: எந்த நார்வே மொழியைப் படிப்பது?

அல்சூர்வாசி: பெங்களூரில் இருக்கிறோம். மனைவிக்கு பெர்கனில் ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் கிளம்புகிறோம். புத்தகம் வாங்கப் போனால் பூக்மோல், நீநோர்ஸ்க் என்று இரண்டு இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

வடக்குக்காற்று: பூக்மோல், யோசிக்கவே வேண்டாம். பெரும்பாலோர் எழுதுவது அதுதான். இரண்டுமே எழுத்து வடிவங்கள், ஒன்று தெரிந்தால் மற்றதைப் படித்துவிடலாம். 1814 வரை நார்வே டென்மார்க்கோடு இணைந்திருந்தது, எழுத்தும் டேனிஷ்தான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நார்வேப்படுத்தியது பூக்மோல். நீநோர்ஸ்கின் கதைதான் எனக்கு உயிர். ஈவார் ஓசென் என்ற விவசாயி மகன் 1842-இல் கிளம்பி, ஊர் ஊராகப் போய் கிராமத்துப் பேச்சைச் சேகரித்து, அதிலிருந்தே ஒரு எழுத்துமொழியைக் கட்டினார். 1885-இல் நாடாளுமன்றம் அதற்குச் சம அந்தஸ்து கொடுத்தது. படிக்காதவர்கள் பேச்சு என்று ஒதுக்கியதை ஒருவர் இலக்கணமாக்கிக் காட்டினார், சும்மா இல்லை!

மல்லேஸ்வரம் அக்கா: தம்பி, காதையும் பழக்குங்கள். அங்கே அதிகாரப்பூர்வமான பேச்சுமொழி என்று ஒன்று கிடையாது. நாடாளுமன்றத்திலும் அவரவர் வட்டார வழக்கில்தான் பேசுவார்கள், நெல்லைக்காரர் சட்டசபையில் நெல்லைத் தமிழே பேசுவதுபோல. பெர்கன்காரர்கள் ‘ர’வைத் தொண்டையில் உருட்டுவார்கள். பாடங்களில் பெரும்பாலும் ஓஸ்லோ பக்கத்து உச்சரிப்புதான் வரும். பெர்கன் அடங்கிய வெஸ்ட்லான் மாவட்ட நிர்வாகம் நீநோர்ஸ்கில் எழுதும், அந்தக் கடிதங்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

அல்சூர்வாசி: நன்றி அக்கா. சரி, பூக்மோல் புத்தகமே வாங்குகிறேன். பெர்கன் பேச்சில் வானொலி ஏதாவது கேட்கிறீர்களா?