பிள்ளைகளின் படங்களைச் சமூக ஊடகங்களில் இடலாமா?

வெண்மணல்:
பிள்ளை தன் விருப்பத்தைத் தானே சொல்லக்கூடிய வயதை எட்டும் வரை, அதன் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் சமூக ஊடகங்களில் இடக்கூடாது என்பதே என் நிலைப்பாடு. ‘நண்பர்களுக்கு மட்டும்’ என்ற அமைப்பை நம்பிப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். படத்தை முதலில் யார் பார்ப்பார் என்பதை மட்டுமே அந்த அமைப்பு முடிவு செய்கிறது. பார்த்தவர் அதைச் சேமித்து வேறொருவருக்கு அனுப்புவதை அதனால் தடுக்க முடியாது. கிளியர்வியூ ஏஐ என்ற அமெரிக்க நிறுவனம் முகநூல் உள்ளிட்ட தளங்களிலிருந்து 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டி, முகத்தைக் கொண்டு ஆளைக் கண்டறியும் கருவியை உருவாக்கிக் காவல்துறையினருக்கு வழங்கி வந்தது 2020 ஜனவரியில்தான் பரவலாகத் தெரியவந்தது. அந்தப் படங்களில் இருந்தவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

அயலகத்தான்:
வெண்மணல் அவர்களே, கிளியர்வியூ திரட்டியவை பொதுப்பார்வைக்கு விடப்பட்டிருந்த படங்கள். அவற்றைக் காட்டி, நாற்பது உறவினர் மட்டும் பார்க்கும் படத்தையும் குற்றக்கூண்டில் ஏற்றுவது முறையல்ல. பெற்றோர் ஒரு நாட்டிலும் பிள்ளைகள் வேறொரு நாட்டிலும் வாழும் குடும்பங்களில், பேரப்பிள்ளை வளர்வதைத் தாத்தா பாட்டி பார்ப்பதே இந்தப் படங்கள் வழியாகத்தான். மேலும், பிள்ளைகளுக்கு நேரும் தீங்குகளில் பெரும்பகுதி அறிமுகமானவர்களால் நேர்கிறது. முகம் தெரியாத அந்நியனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கவனம் தவறான திசையில் போய்விடும். குடும்பங்களை நாள்தோறும் உண்மையில் தாக்குவது கணக்குத் திருட்டும் பணம் கேட்கும் போலிச் செய்திகளுமே. படத்துக்காக இவ்வளவு கவலைப்படுகிறவர்களில் எத்தனை பேர், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

வெண்மணல்:
பொதுப்பார்வை பற்றிய உங்கள் திருத்தம் சரி. ஆனால் நண்பர் வட்டமும் அரண் அல்ல என்பதற்கு, முகநூல் பயனர்களின் தகவலை அரசியல் பிரசாரத்துக்காகத் திரட்டிய பிரிட்டிஷ் நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் விவகாரம் இருக்கிறது. ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் வந்த ஒரு செயலியை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர்தான். அவர்களுடைய நண்பர்களின் தகவலையும் எடுக்க அந்நாளில் முகநூல் இடம் கொடுத்திருந்ததால், 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018-இல் அந்நிறுவனமே தெரிவித்தது. செயலியைத் தொடாதவரின் தகவலும் தொட்ட நண்பர் வழியாகப் போனது. அந்த வாசல் இப்போது அடைக்கப்பட்டிருக்கலாம். நம் தனியுரிமை நம் வட்டத்திலேயே மிகவும் கவனக்குறைவானவரின் கையில் இருக்கிறது என்ற நிலை மட்டும் மாறவில்லை.

கம்பிவேலி:
இருவர் சொல்வதிலும் விடுபட்ட சில நுட்பங்களைச் சேர்க்கிறேன். படக்கோப்புக்குள் எடுத்த நேரமும், கேமராவுக்கு இருப்பிட அனுமதி தந்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகையும் பதிவாகும். பெரிய தளங்கள் பிறர் பார்க்கும் படியிலிருந்து இந்த விவரங்களைப் பொதுவாக நீக்கிவிடுகின்றன. ஆனால் அதே படத்தை வாட்ஸ்அப்பில் ‘ஆவணம்’ என்று அனுப்பினாலோ மின்னஞ்சலில் மூலக்கோப்பாக இணைத்தாலோ அவை அப்படியே போய்ச் சேரும். இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது கண்ணுக்கு நேராகத் தெரிபவை: பள்ளிச் சீருடை, பெயர் அட்டை, வீட்டு எண், வாகனப் பலகை. பயணத்தில் இருக்கும்போதே ஊர்ப்படங்களை இடுவது, வீட்டில் ஆளில்லை என்று அறிவிப்பதாகவே முடியும். திரும்பி வந்த பிறகு இட்டால் என்ன குறைந்துவிடும்?

காணொளியில் குரலும் இருக்கிறது. உறவினரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் போலியாக்கி, ஆபத்தில் இருப்பதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடி குறித்து அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி 2023 மார்ச்சில் எச்சரித்தது. இணையத்தில் கிடைக்கும் சிறு குரல்துணுக்கே அதற்குப் போதும். அத்தகைய அழைப்பு வந்தால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் அவரை அழைக்க வேண்டும். வீட்டார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்வதும் உதவும். இருபடிச் சரிபார்ப்பில் குறியீட்டைக் குறுஞ்செய்தியில் பெறுவதைவிட, அதைக் கைபேசியிலேயே உருவாக்கித் தரும் அங்கீகாரச் செயலி மேலானது. நம் எண்ணுக்கு வேறொருவர் மோசடியாகச் சிம் அட்டை வாங்கிவிட்டால் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும்.

அயலகத்தான்:
கம்பிவேலி சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. அவை அனைத்தும் ‘எப்படி இடுவது’ என்பதற்கான விடைகள், ‘இடவே கூடாது’ என்பதற்கானவை அல்ல. குரலுக்கு அஞ்சினால் பெரியவர்களும் வாய் திறக்க முடியாது.

வெண்மணல்:
ஆபத்து ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், உரிமை பற்றிய கேள்வி நிற்கும். நெதர்லாந்தில் ஒரு பாட்டி, பேரப்பிள்ளைகளின் படங்களைத் தாயின் ஒப்புதல் இல்லாமல் முகநூலில் வைத்திருந்தார். 2020 மே மாதம் நீதிமன்றம் அவற்றை நீக்கச் சொன்னது, தவறினால் நாளொன்றுக்கு 50 யூரோ என்று அபராதமும் விதித்தது. பாசத்தோடு இட்டார் என்பது அங்கே எடுபடவில்லை.

அயலகத்தான்:
அந்தத் தீர்ப்பு உங்களுக்கே எதிரானது. பாட்டியிடம் இல்லாத ஒப்புதலைத் தரக்கூடியவராக நீதிமன்றம் கருதியது பெற்றோரைத்தான். அதாவது தாய் விரும்பியிருந்தால் அதே படங்கள் அதே இடத்தில் இருந்திருக்கும். பெற்றோரே இடக்கூடாது என்ற உங்கள் நிலைப்பாட்டுக்கு அது எப்படிச் சான்றாகும்? பிள்ளையை எந்த மொழி பேச வைப்பது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று அதைக் கேட்காமலே முடிவு செய்கிற பெற்றோருக்கு, ஒரு படத்துக்கு மட்டும் அந்த அதிகாரம் இல்லை என்கிறீர்கள்.

வெண்மணல்:
பள்ளியைத் தேர்வு செய்வது பிள்ளைக்குத் தேவையானது, தள்ளிப்போட முடியாதது. படத்தைப் பத்து ஆண்டுகள் தள்ளிப்போட்டால் பிள்ளைக்கு இழப்பு எதுவுமில்லை. 2024 பிப்ரவரியில் பிரான்ஸ் இயற்றிய சட்டம், பிள்ளையின் பட உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும், பிள்ளையின் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதையும் அம்முடிவில் ஈடுபடுத்த வேண்டும் என்கிறது. பெற்றோருக்குள் உடன்பாடு இல்லையென்றால், மற்றவரின் ஒப்புதலின்றி ஒருவர் படம் இடுவதை நீதிபதி தடுக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் கூட ‘இதை அத்தைக்குக் காட்டட்டுமா’ என்று கேட்க முடியும். ‘வேண்டாம்’ என்று அது சொன்னால் நிறுத்துகிற பெற்றோர் எத்தனை பேர்?

முல்லைக்கொடி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இனிமேல் இடுவதா வேண்டாமா என்று பேசுகிறீர்கள். ஏற்கெனவே பல ஆண்டுகளாக இட்டுவிட்ட நூற்றுக்கணக்கான படங்களை என்ன செய்வது?

கம்பிவேலி:
முகநூலின் தனியுரிமை அமைப்புகளில், பொதுவில் இருக்கும் பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதி உள்ளது. முதலில் அதைச் செய்யுங்கள். அடுத்து, பிறர் உங்கள் பெயரை இணைத்து இடும் பதிவுகள் உங்கள் பக்கத்தில் தோன்றும் முன் உங்கள் அனுமதியைக் கேட்கும்படி அமையுங்கள். பிறகு நிதானமாகப் பழையவற்றை உங்கள் கணினியில் பதிவிறக்கிக்கொண்டு, சீருடையும் முகவரியும் தெரிபவற்றிலிருந்து நீக்கத் தொடங்குங்கள். உறவினர் சேமித்த படிகளை நீங்கள் நீக்க முடியாது; அவர்களிடம் கேட்கத்தான் வேண்டும்.

அயலகத்தான்:
இந்த வரிசையை என் வீட்டிலும் செய்யப் போகிறேன். பாட்டிக்கு அனுப்பும் படங்கள் மட்டும் தொடரும், வெண்மணல்.